99.9 சதவீதம், ஆனால் எந்தக் காற்றில்? யூவி விளக்கா, ஹெப்பாவா, ஜன்னலா

மருத்துவர் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் போன் பண்ணி, ஒரு அட்டைப்பெட்டியின் மேல் இருந்ததை வாசித்துக் காட்டினார். "யூவி-சி, 99.9 சதவீத பாக்டீரியாவை அழிக்கும்னு போட்டிருக்கு. வெயிட்டிங் ரூமுக்கு ரெண்டு வாங்கிடட்டுமா?" நான் திருப்பிக் கேட்டேன்: "எந்தக் காத்துல, டாக்டர்?"

பொய் எழுதியிருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்குள் போய் வரும் காற்றில் 99.9 சதவீதம் செத்தே போகலாம். ஆனால் அவருடைய காத்திருப்பு அறையில் இருக்கும் காற்றில் எவ்வளவு அந்தப் பெட்டிக்குள் போகிறது? அதை அட்டையின் ஆறு பக்கத்திலும் தேடினார். எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு டியூஷன் சென்டர் நடத்துபவரும், காசநோய்க்கு மருந்து எடுக்கும் அப்பாவை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒரு பெண்ணும் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அதற்கான கணக்கு மட்டும் ஒன்றுதான்.

எதை வைத்து அளப்பது

யூவி-சி, அதாவது கிருமி கொல்லும் புற ஊதா ஒளி, ஒன்றும் மந்திரம் இல்லை. வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டிக்குள் நீலமாக எரிகிறதே, அதே பாதரசக் குழல்தான். அதிலிருந்து வரும் 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது, அதன்பின் அதனால் பெருக முடியாது. கண்ணுக்குத் தெரியும் நீலம் வெறும் உபரி. கொல்லும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. (கொசுவை இழுக்கும் ஊதா விளக்கு யூவி-ஏ வகை. அதை மாட்டிவிட்டுக் கிருமி சாகும் என்று இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

முதல் அளவுகோலுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'சுற்று'. அறை முழுக்க இருக்கும் காற்றின் அளவுக்குச் சமமான சுத்தக் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கிடைக்கிறது என்பதே சுற்று. வெளிக்காற்று வந்தாலும், வடிகட்டினாலும், யூவி கொன்றாலும் எல்லாவற்றையும் இந்த ஒரே கணக்கில் கொண்டுவந்துவிடலாம். இரண்டு சுற்று கிடைக்கும் அறையில் இருமலில் வந்த நுண்துளிகளில் 99 சதவீதம் போக 138 நிமிடம் ஆகும். ஆறு சுற்று என்றால் 46 நிமிடம், பன்னிரண்டு என்றால் 23. கதவு ஜன்னல் அடைத்த ஸ்பிளிட் ஏசி அறையில் ஒரு சுற்றைத் தொடுவதே கஷ்டம். ஏனென்றால் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிர்வித்துத் திரும்பத் திரும்ப நம் முகத்தில் ஊதுகிறது.

அடுத்தது, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே அது வேலை செய்ய வேண்டும். இருமுகிறவர் இருக்கும் நேரம்தானே ஆபத்தான நேரம்? மூன்றாவது, கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் அது என்ன செய்யும். நான்காவதை யாரும் கேட்பதில்லை: இரண்டாம் வருடம் அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

கணக்குக்கு மருத்துவரின் அறையையே எடுத்துக்கொள்கிறேன். 15 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. 1,800 கன அடி, அதாவது சுமார் 51 கனமீட்டர்.

ஜன்னல், வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட்

பெருவின் லிமா நகரில் மருத்துவமனை அறைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜன்னலும் கதவும் முழுக்கத் திறந்திருந்தபோது, உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்களில் சுமார் 40 சுற்று கிடைத்தது. புதிய கட்டடங்களில் 17. இயந்திரக் காற்றோட்டத்துக்குக் கணக்கிட்டது 12 மட்டுமே. பழைய கட்டடத்தைக் கட்டியவர்களுக்கு இந்த எண்கள் தெரியாது, ஆனால் விஷயம் தெரிந்திருந்தது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கிய காலத்தில் மருந்தே கிடையாது; அந்த நாளில் சானடோரியம் என்றாலே திறந்த காற்றுதான் வைத்தியம்.

நம் பழைய வீடுகளிலும் உத்தரத்துக்குக் கீழே வென்டிலேட்டர் இருக்கும். ஏசி மாட்ட வரும் ஆள் முதலில் செய்யும் வேலை அதில் தெர்மாகோல் வைத்து டேப் ஒட்டுவது. மருத்துவரின் அறையிலும் அப்படித்தான் இரண்டு வென்டிலேட்டர் அடைபட்டிருந்தன.

மணிக்கு 500 கனமீட்டர் என்று எழுதிய எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று, சுவரில் மாட்டிய பின் அதில் பாதி இழுத்தாலும் 51 கனமீட்டர் அறைக்கு ஐந்து சுற்று வரும். ஆனால் வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர எதிர்ப்பக்கம் வழி விட வேண்டும். கதவையும் அடைத்துவிட்டால் விசிறி சத்தம் போடும், காற்று நகராது.

இதன் மறைமுகச் செலவு கரண்ட் பில். வெளிக்காற்றை ஏசி குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூசி, ஹாரன் சத்தம், கொசு எல்லாம் கூடவே வரும். கொசுவலை அடித்தால் காற்று கணிசமாகக் குறையும், அதில் தூசி படிந்தால் இன்னும் குறையும். மழை நாளில் எல்லாரும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். இருமல் அதிகமாக வரும் பருவமும் அதுதான்.

இருந்தாலும் இதை முதலில் சொல்லக் காரணம், மற்ற எதுவும் வெளிக்காற்றைத் தராது. கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் அறையின் நிலை தெரியும். வெளியில் 420 சொச்சம் காட்டும் கருவி உள்ளே 1,500 காட்டினால் அடுத்தவர் விட்ட மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறோம். யூவி போட்டாலும், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி போட்டாலும் அந்த எண் அசையாது, ஆகவே அவற்றின் வேலையை அதில் அளக்கக் கூடாது.

மேல்மட்ட யூவி விளக்கு

யூவி என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காற்றில் பரவும் நோய்க்கு மனிதர்கள் இருக்கும் அறையில் மிக நீண்ட காலம் சோதித்துப் பார்த்த முறை இதுதான்.

சுவரில் ஏழடி உயரத்தில் விளக்கு. அதன் முன்னால் நெருக்கமான தகடுகள். ஒளி கீழே இறங்காமல் கூரையை ஒட்டிப் படுக்கையாகப் பாய்கிறது. தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிநாசினி அடுக்கு. கீழே மனிதர்கள் வழக்கம்போல் உட்கார்ந்திருக்கலாம். மூச்சிலிருந்து வந்த சூடான காற்று மேலே போகிறது, மின்விசிறி அதைக் கலக்கி மேலும் கீழும் அனுப்புகிறது. இந்த முறைக்கு மின்விசிறி பாதி உயிர். வெளிநாட்டுக் கையேடுகள் மெதுவாகச் சுற்றும் மின்விசிறியைத் தனியாக வாங்கி மாட்டச் சொல்கின்றன. நம்மிடம் அது ஏற்கெனவே தலைக்கு மேல் சுற்றுகிறது.

லிமாவில் ஒரு காசநோய் வார்டின் காற்றைக் கினிப்பன்றிகள் இருந்த கூண்டுகளுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். முடிவு 2009-ல் வந்தது. எதுவும் செய்யாத காற்றைச் சுவாசித்தவற்றில் 35 சதவீதத்துக்குத் தொற்று. வார்டில் மேல்மட்ட யூவி எரிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 9.5 சதவீதம். தென்னாப்பிரிக்காவின் எமலஹ்லேனியில், கூடவே மின்விசிறியும் வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. பரவல் சுமார் 80 சதவீதம் குறைந்தது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் காசநோய்த் தடுப்பு வழிகாட்டியில் இந்த முறையை நிபந்தனையோடு பரிந்துரைத்தது.

எமலஹ்லேனி ஆய்விலிருந்துதான் விற்பனையாளரை மடக்கும் கேள்வி கிடைத்தது. அறையின் ஒவ்வொரு கனமீட்டருக்கும் 15 முதல் 20 மில்லிவாட் யூவி, விளக்குக் கூண்டை விட்டு வெளியே வர வேண்டும். மருத்துவரின் அறைக்குச் சுமார் ஒரு வாட். "36 வாட் விளக்கு சார்" என்பது இதற்குப் பதில் இல்லை. 36 வாட் என்பது கரண்ட் இழுக்கும் அளவு. அதில் மூன்றில் ஒரு பங்குதான் யூவியாகிறது; அதிலும் பெரும்பகுதியை முன்னால் இருக்கும் தகடுகளே விழுங்கிவிடும். கூண்டுக்கு வெளியே எவ்வளவு வருகிறது என்று ஆய்வகத்தில் அளந்த எண்ணைக் கேளுங்கள்.

ஈரப்பதத்தையும் சொல்ல வேண்டும். அது 60, 70 சதவீதத்தைத் தாண்டினால் யூவியின் வேகம் குறைகிறது. ஜன்னல் திறந்த கடலோர ஊர் அறையில், மழைக்கால காலையில், 80-க்கு மேல் போவது சாதாரணம். ஆனால் ஏசி ஓடும் அடைத்த அறை உலர்ந்திருக்கும். ஆக, எந்த அறைக்கு இது அதிகம் தேவையோ அந்த அறையில்தான் இது நன்றாகவும் வேலை செய்கிறது. ஜன்னல் நன்றாகத் திறந்திருக்கும் அறைக்கு அவ்வளவு தேவையில்லை.

கண் விஷயம் விளையாட்டில்லை. 254 நானோமீட்டருக்கு 8 மணி நேர வரம்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல். நிற்பவரின் கண் மட்டத்தில் மீட்டர் 0.2 மைக்ரோவாட்டுக்குள் காட்டினால் நாள் முழுக்க அங்கேயே நின்றாலும் வரம்புக்குள்தான். அளக்காமல் பொருத்தக் கூடாது. பளபளக்கும் அலுமினியச் சட்டமோ கண்ணாடி போன்ற ஃபால்ஸ் சீலிங்கோ இருந்தால் ஒளி தெறித்துக் கீழே வரும். உயரம் எட்டடிக்கும் குறைவு என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். பரண் இருந்தால் அதில் சாமான் எடுக்க ஏறும் பையன் நேராக ஒளிக்குள் தலையை விடுவான். ஒட்டடை அடிக்க ஏணி வைக்கும் முன் அணைக்க வேண்டும் என்பது புதிதாக வேலைக்குச் சேரும் ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குழலின் ஆயுள் ஏறக்குறைய 9,000 மணி நேரம். தினம் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு வருடம். அதன் பிறகும் அது நீலமாக எரிந்துகொண்டுதான் இருக்கும். எரிகிறதே என்று மாற்றாமல் விடுவார்கள். தூசி படிந்தாலும் இதே கதை. சில மாதத்துக்கு ஒருமுறை அணைத்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உள்ளே பாதரசம் இருப்பதால் பழைய குழலைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது. கரண்ட் மட்டும் பயப்படும்படி இல்லை: 36 வாட், 12 மணி நேரம், மாதம் 13 யூனிட்.

மேசை மேல் வைக்கும் யூவி பெட்டி

மருத்துவர் படித்துக் காட்டியது இதைத்தான். சின்ன விசிறி காற்றை உள்ளே இழுக்கும், குழல் அதன் மேல் ஒளி அடிக்கும், காற்று வெளியே வரும். ஒளி வெளியே வராது என்பதால் கண்ணுக்கு ஆபத்தில்லை. விற்பதும் அதைச் சொல்லித்தான்.

கிருமி சாக ஒளியின் வலுவும் வேண்டும், ஒளிக்குள் இருக்கும் நேரமும் வேண்டும். காற்றை மெதுவாக விட்டால் நன்றாகச் சாகும், ஆனால் சுற்று வராது. வேகமாக விட்டால் சுற்று வரும், கிருமி தப்பிவிடும். மணிக்கு 40 கனமீட்டர் இழுக்கும் பெட்டி நம் அறைக்கு 0.8 சுற்று தரும், அதுவும் உள்ளே போன எல்லாமே செத்தது என்று வைத்துக்கொண்டால். இரண்டு பெட்டி வாங்கினால் 1.6. வென்டிலேட்டரில் இருக்கும் தெர்மாகோலைப் பிடுங்கி எறிந்தாலே இதைவிட அதிகம் கிடைக்கலாம்.

மலிவான சிலவற்றில் 185 நானோமீட்டரும் கசியும். அது ஓசோன் உண்டாக்கும். போட்டதும் மழைக்கு முன் மின்னல் அடித்த மாதிரி ஒரு வாசனை வந்தால், ஆஸ்துமா இருப்பவர் உள்ள அறையில் அதை வைக்காதீர்கள். இந்த வகையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

ஹெப்பா வடிகட்டி

யூவி கேட்டு வருபவருக்குக் கடைசியில் பல நேரம் நான் இதைச் சொல்லி அனுப்புகிறேன். இது கொல்வதில்லை, பிடித்து வைக்கிறது. பாக்டீரியாவோடு தூசி, புகை, பூஞ்சை விதை எல்லாவற்றையும் பிடிக்கும். பூஞ்சை விதை யூவிக்கு எளிதில் மசியாது. ஹெப்பாவுக்கு எல்லாம் ஒன்றுதான். ஈரப்பதம் பற்றிக் கவலையில்லை, கண்ணுக்கும் ஆபத்தில்லை, சுவரில் துளை போட வேண்டாம்.

பெட்டியில் சுத்தக் காற்று அளவு என்று ஒரு எண் இருக்கும். அது மணிக்கு 300 கனமீட்டர் என்றால் நம் அறைக்கு ஏறக்குறைய ஆறு சுற்று. ஆனால் அந்த எண் முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. முழு வேகத்தில் சத்தம் தாங்காது, நர்ஸ் வந்து குறைப்பார், சுற்று இரண்டுக்கு இறங்கும். தேவையைவிடப் பெரியதாக வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவதுதான் வழி. ரோட்டோர அறை என்றால் வடிகட்டி சீக்கிரம் அடைபடும். வாங்கும் முன் மாற்று வடிகட்டியின் விலையையும், அது இரண்டு வருடம் கழித்துக் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். 'யூவியும் உண்டு' என்று கூடுதல் விலை வைத்த மாடலுக்கு அந்தக் கூடுதலைக் கொடுக்க வேண்டாம். வடிகட்டியில் மாட்டிய கிருமியைத் திரும்ப ஒளி அடித்துக் கொல்வதால் உங்களுக்கு லாபமில்லை.

ஏசிக்கும் காற்றுக் குழாய்க்கும் உள்ளே

மத்திய ஏசி உள்ள கட்டடத்தில் ஓர் அறையின் காற்று குழாய் வழியாக இன்னோர் அறைக்குப் போகிறது. அந்தப் பாதையில் வலுவான யூவி வைப்பது நியாயமான வேலை. சண்டிகரின் மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் கோவிட் காலத்தில் உருவாக்கிய இந்த வகை அமைப்பு நாடாளுமன்றத்திலும் பொருத்தப்பட்டது. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் இருமியது குழாய்க்குப் போகும் முன் உங்கள் மூக்குக்கு வந்துவிடும். அதை இது தடுக்காது. ஸ்பிளிட் ஏசிக்குள் ஒட்டும் சின்ன யூவி எல்இடி காயிலில் பூஞ்சை வளராமல் பார்த்துக்கொள்ளும், நாற்றம் குறையும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

222 நானோமீட்டர்

புதிய வரவு. 254-க்குப் பதில் 222 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் யூவி. இந்த ஒளி தோலின் மேல் படிந்த செத்த செல்களையும் கண்ணின் மேல் படலத்தையும் தாண்டி ஆழமாகப் போவதில்லை. ஆகவே கூரையிலிருந்து நேராக ஆட்கள் மேலேயே அடிக்கலாம் என்பது யோசனை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அறை அளவுள்ள கூடத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைத் தெளித்துச் சோதித்தபோது 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2022-ல் வெளியான அந்த ஆய்வின் கணக்கில் அது 184 சுற்றுக்குச் சமம். அதே ஆண்டு அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு ஒன்று இந்த அலைநீளத்துக்கான 8 மணி நேர வரம்பை 23 மில்லிஜூலிலிருந்து கண்ணுக்கு 161, தோலுக்கு 479 என்று உயர்த்தியது.

எண்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் விளக்கு விலை அதிகம், கூடவே வரும் நீண்ட அலைகளை வெட்டும் வடிகட்டி கட்டாயம், அடைத்த அறையில் ஓசோனும் சேரும். காற்றே புகாத அறைக்கு இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 222 என்று எழுதி ஊதா எல்இடி விற்பவர்களிடம் ஏமாற வேறு வாய்ப்பு இருக்கிறது.

ஆளில்லாத அறையில் எரியும் வெற்றுக் குழல்

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் யூவி குழலின் சுவிட்ச், டியூப்லைட் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாயங்காலம் தரை துடைக்க வந்த அக்கா எது கைக்குப் பட்டதோ அதைப் போட்டுவிட்டு, நீல வெளிச்சத்திலேயே முக்கால் மணி நேரம் துடைத்திருக்கிறார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டினாற்போல் எரிச்சல். வெல்டிங் பார்த்தவர்களுக்கு வருமே, அதே வலி. இரண்டு நாளில் சரியானது. மறுநாள் நாங்கள் சுவிட்சைக் கதவுக்கு வெளியே மாற்றிப் பூட்டுப் போட்டோம்.

அறுவை அரங்கில் இரவு எரியவிட்டுக் காலையில் அணைப்பார்கள். முதல் ஆள் உள்ளே வந்து மூச்சு விட்டதும் கிருமி எண்ணிக்கை திரும்பத் தொடங்கிவிடும். காத்திருப்பு அறைக்கு இது விடையே இல்லை.

ஒரே பார்வையில் (51 கனமீட்டர் அறைக்கு)

| வழி | சுற்று | ஆள் இருக்கும்போது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| எதிரெதிர் ஜன்னல் | காற்றைப் பொறுத்து, 10-க்கு மேலும் | ஆம் | கொசு, மழை, தூசி |
| எக்ஸாஸ்ட் | சுமார் 5 | ஆம் | உள்வழி வேண்டும், ஏசி செலவு |
| மேல்மட்ட யூவி | சரியாக அமைத்தால் 10-க்கு மேல் | ஆம் | கூரை உயரம், கண் மட்ட அளவீடு, குழல் மாற்றம் |
| யூவி பெட்டி | 1-க்கும் கீழ் | ஆம் | ஓசோன், வீண் நம்பிக்கை |
| ஹெப்பா, 300 கனமீட்டர் | 6. குறைந்த வேகத்தில் 2 | ஆம் | சத்தம், வடிகட்டி விலை |
| 222 | அமைப்பைப் பொறுத்து மிக அதிகம் | ஆம் | விலை, ஓசோன், போலி |
| வெற்றுக் குழல் | கணக்கில் வராது | கூடவே கூடாது | சுவிட்ச் |

கேட்ட மூவருக்கும்

டியூஷன் சென்டர்காரருக்கு எக்ஸாஸ்டும் ஹெப்பாவும் போதும் என்றேன். 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் வெல்ஸ் என்பவர் ஃபிலடெல்ஃபியா பக்கத்துப் பள்ளிகளில் மேல்மட்ட யூவி மாட்டி, வகுப்பில் தட்டம்மை பரவுவதைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். பின்னால் வேறு ஊர்ப் பள்ளிகளில் செய்தபோது அந்த அளவு பலன் தெரியவில்லை. பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே, பேருந்திலும் மற்ற இடங்களிலும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இவருடைய பிள்ளைகளும் ஒரே ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேராகத்தான் வருகிறார்கள். வகுப்புக்கு மட்டும் பெரிய செலவு செய்வதில் அர்த்தமில்லை.

அப்பாவை வைத்திருக்கும் பெண்ணிடம் எதுவும் வாங்க வேண்டாம் என்றேன். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்ட காசநோயாளிகளின் குடும்பத்துக்கு, சானடோரியத்தில் சேர்ந்தவர்களின் குடும்பத்தைவிடத் தொற்று அதிகமாக வரவில்லை. மருந்து பலித்தால் தொற்றும் திறன் வேகமாக விழும். மாத்திரை ஒரு நாளும் விடாமல் போக வேண்டும், அவர் படுக்கும் அறையின் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வீட்டில் மற்றவர்களைப் பரிசோதிக்க வேண்டும். விளக்குக்கு வைத்திருந்த பணம் முட்டைக்கும் பயறுக்கும் போகட்டும்.

மருத்துவர் கதை வேறு. முன்பின் தெரியாதவர்கள், இன்னும் நோய் கண்டுபிடிக்கப்படாதவர்கள், நாள் முழுக்க அந்த அறையில் இருமுகிறார்கள். உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது இது வெறும் பயமில்லை. முதலில் தெர்மாகோலை எடுத்தார், எக்ஸாஸ்ட் மாட்டினார். பிறகு மேல்மட்ட விளக்குக்கு மூன்று பேரிடம் விலை கேட்டார். கூண்டுக்கு வெளியே எத்தனை மில்லிவாட், கண் மட்டத்தில் மீட்டர் வைத்து அளந்து காட்டுவீர்களா என்று இரண்டே கேள்வி. இருவர் பளபளப்பான பிரசுரம் அனுப்பினார்கள், அதிலும் 99.9 இருந்தது. மூன்றாமவர் அளவீட்டுத் தாள் அனுப்பினார், பொருத்தும் அன்று மீட்டர் கொண்டுவருவதாகவும் சொன்னார். அளந்து காட்டிய பிறகு மீதிப் பணம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். அதற்குள் பரணில் இருக்கும் சாம்பிள் மருந்துப் பெட்டிகளை இறக்கியாக வேண்டும். ஒளி போகும் பாதையை அவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.